மிச்சம் ஐந்நூற்றி நாற்பது

நாலாயிரம்.
ஒரு கிழமைக்கு, ஐந்து பேருக்கு,
மரக்கறியும் பழமும் என்று
கலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி
'பழமும்' என்பதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.
ஏனென்று அப்போது தெரியாது.

நல்லூரில் கொடி ஏறியாச்சு.
மீன்காசு மிச்சம்தானே என்கிறார் நகுலேஸ்.
அவருக்குச் சந்தை தெரியாது.
இருபத்தைந்து நாளும் ஊரே மச்சம் விட்டால்
ஊரே ஒரே கத்தரிக்காயைத்தான் தேடும்.
போன சனி முந்நூறு,
இன்றைக்கு ஐந்நூற்றி இருபது.
விரதம் எங்களுக்கு,
திருவிழா திருநெல்வேலிச் சந்தைக்கு.

தவமலரக்கா தராசைத் தொட முன்னமே
என் முகத்தை நிறுத்துப் பார்க்கிறவ.
"அரைக் கிலோ போடட்டே?"
"கால் போடுங்கோ."
"ஐஞ்சு பேருக்குக் காலே, பிள்ளை?"
காம்பை வெட்டிப்போட்டு நிறுங்கோ என்று
சொல்ல எனக்கு ஆசை.
வாய் வரவில்லை.

முந்தி வந்தால்
பயித்தங்காய்க்குத் தெளித்த தண்ணிக்கும் சேர்த்துக் காசு.
பிந்தி வந்தால் விலை இறங்கும்;
பதினொரு மணிக் கீரை பாதி விலை,
ஆனால் பதினொரு மணிக் கீரையில்
பாதிதான் கீரை.
ஒன்பதரை என்பது
நான் இரண்டு வருசமாய்த் தேடிப் பிடித்த நேரம்.

கரட், போஞ்சி, லீக்ஸ்,
மலையிலிருந்து லொறியேறி வருகிற எல்லாவற்றையும்
மரியாதையாய்ப் பார்த்துவிட்டுக் கடக்கிறேன்.
பூசணி ஒரு கீற்று. மூன்று நாள் இழுக்கும்.
முருங்கைக்காய் வாங்குவதில்லை.
பக்கத்து வீட்டு மரம்
மதிலுக்கு எங்கள் பக்கம்தான் காய்க்கிறது.
அந்த வீட்டுச் சனம் கனடாவில்.
ஒருநாள் போனில் கேட்டார்கள், "மரம் நிக்குதோ?"
நிக்குது என்றேன்.
காய்க்குது என்று சொல்லவில்லை.

கூட்டிப் பார்த்தேன்:
மூவாயிரத்து நானூற்றி அறுபது.
மிச்சம் ஐந்நூற்றி நாற்பது.
வழமையில் இது செவ்வாய்க்கிழமைத் தக்காளி,
வியாழக்கிழமைத் தேசிக்காய்,
திடீரென்று வருகிற ஆருக்கோ ஒரு கறி.

பஸ்ஸுக்குப் போகிற வழியில் பழக்கடை.

பழைய தாள்களை நான் எறிவதில்லை.
பழம் என்று எழுதின இடமெல்லாம் பாடம்.
தையில் தோடம்பழம் நாலு: கபிலாசுக்கு டெங்கு.
பங்குனியில் திராட்சை கால் கிலோ:
ஒப்பரேசன் முடிந்த என் தங்கச்சிக்கு.
வைகாசியில் அப்பிள் இரண்டு:
மாமிக்கு, ஆஸ்பத்திரி பன்னிரண்டாம் வாட்டுக்கு.
ஒன்று திரும்பி வந்தது.
அதற்குப் பிறகுதான் கணக்கில் ஐந்து பேர்.

பாமசியில் நாள் முழுக்கக் குளிசை எண்ணுகிற கை இது.
ஒரு அட்டை விற்றமின் கேட்டு வருகிறவர்களுக்கு
தோடம்பழம் சாப்பிடுங்கோவன் என்று சொல்ல வரும்;
முதலாளி நிற்பார்.

பருவம் முடியிற கறுத்தக்கொழும்பான்.
கிலோ எழுநூறு.
ஒன்றில் காம்படியில் பால் காய்ந்த கறுப்பு.
மணந்தேன்.
மணந்த பிறகு விலை பேசுகிறவள் தோற்றவள்.
இரண்டு பழம், முக்கால் கிலோ,
ஐந்நூற்றி இருபத்தைந்து.
மிச்சம் பதினைந்து ரூபாய்,
பஸ்ஸுக்குக் காணாது.
வெயிலில் நடந்தேன், ஒரு கையில் கீரை,
மற்றக் கையில் செவ்வாயும் வியாழனும்.

வீட்டில் பையைக் கவிழ்த்தபோது
யதுசா பழத்தைக் கண்டாள்.
குரலைக் குறைத்துக் கேட்டாள்:
"அம்மா, ஆருக்கு வருத்தம்?"

ஒருத்தருக்கும் இல்லை என்றேன்.
அவள் நம்பவில்லை.
உள்ளே போய்த் தம்பியின் நெற்றியைத்
தொட்டுப் பார்த்துவிட்டு வந்துதான்
கத்தியை எடுத்துத் தந்தாள்.

கொட்டை இரண்டையும் மாமா எடுத்துக்கொண்டார்.
சீனி வருத்தக்காரர்.
கொட்டையை நான் கணக்கில் எழுதவில்லை.